கரிபு மானும் கிடை மாடும்

(நம் முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



மின்பொறியியல் படித்தவன் நான். நூற்பாலை ஒன்றில் மின் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். "உன் துறையைப் பற்றி ஏதாவது பேசு" என்றுதான் செயலாளர் சொன்னார். நான் பேசப்போவதோ ஒரு மானைப் பற்றி. அதுவும் நம்ம ஊர் மான் இல்லை, வட துருவத்து மான். பெயர் கரிபு. இதற்கும் மின்சாரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

முதலில் உங்களுக்கு ஒரு சின்னத் தேர்வு. நான் ஒரு வாக்கியம் சொல்கிறேன், கவனியுங்கள். "ஒவ்வொரு குமிலத்திலும் பிலாடிகள் முழாதியை நோக்கி நுமிக்கும்." இப்போது கேள்வி: பிலாடிகள் எதை நோக்கி நுமிக்கும்?

(அவையில் பலர்: "முழாதியை!")

சபாஷ். எப்போது நுமிக்கும்?

("ஒவ்வொரு குமிலத்திலும்!")

இரண்டுக்கு இரண்டு. நூற்றுக்கு நூறு மதிப்பெண். ஆனால் பிலாடி என்றால் என்ன, நுமிப்பது என்றால் என்ன என்று யாருக்காவது தெரியுமா? எனக்கும் தெரியாது, நேற்று ராத்திரி நானே உட்கார்ந்து கட்டிய சொற்கள் அவை. அர்த்தமே இல்லாத ஒரு வாக்கியத்தைப் படித்து, கேட்ட இரண்டு கேள்விக்கும் சரியான விடை சொல்லிவிட்டீர்கள். சிரிப்பு வருகிறது, வாஸ்தவம்தான். நம் நாட்டில் பல பிள்ளைகள் 10 வருஷம், 12 வருஷம் இப்படியே படித்து வெளியே வருகிறார்கள் என்று நினைத்துப் பார்த்தால் அந்தச் சிரிப்பு நின்றுவிடும்.

என் சொந்த ஊர் மேலூர்ப் பக்கம் ஒரு சிற்றூர். பெரியாறு வாய்க்காலின் கடைமடைப் பகுதி. சனிக்கிழமை சாயங்காலம் ஊருக்குப் போனால் ஊர்ச் சாவடியில் பிள்ளைகளுக்கு வகுப்பு நடக்கும். கொரோனாவில் பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்த பிறகு, 2021 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 'இல்லம் தேடிக் கல்வி' என்ற திட்டத்தைத் தொடங்கியது உங்களுக்கு நினைவிருக்கும். அதில் தன்னார்வலராக இருந்த ஒரு தங்கைதான் அந்த வகுப்பை நடத்துகிறார். பிள்ளைகள் அவரை 'அக்கா' என்பார்கள். நான் ஓரமாக உட்கார்ந்து கணக்குச் சொல்லிக்கொடுப்பேன். எனக்குப் பெயர் 'மில்லு சார்'.

ஒருநாள் அந்தத் தங்கையிடம் ஒரு பயிற்சித்தாள் வந்து சேர்ந்தது. யாரோ நல்லெண்ணத்தில் ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கியது. படித்துப் புரிந்துகொள்ளும் பயிற்சி. ஐந்தே வரிகள். கரிபு வட துருவப் பகுதியில் வாழும் மான். கரிபுகளில் ஆணுக்கும் பெண்ணுக்கும் கொம்பு உண்டு. கொம்புகள் ஆண்டுதோறும் விழுந்து மீண்டும் முளைக்கும். குளிர்காலத்தில் கரிபு தன் குளம்பால் பனியைத் தோண்டி உணவு தேடும். கரிபுக் கூட்டங்கள் ஆண்டுதோறும் நெடுந்தொலைவு இடம்பெயரும். கீழே ஐந்து கேள்விகள்.

அந்த வகுப்பில் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பெண் குழந்தை ஒன்று இருக்கிறது. கடகடவென்று வாசிக்கும். ஒரு எழுத்து பிசகாது, மூச்சுக்கூட விடாது. ஐந்து நிமிடத்தில் ஐந்து கேள்விக்கும் முத்து முத்தான கையெழுத்தில் விடை எழுதி நீட்டியது. எல்லாம் சரி. அதே வகுப்பில் ஒரு பையன். எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பான். முதல் சொல்லையே 'கரிப்பு' என்று படித்துவிட்டு, "உப்புக் கரிக்கிற மானா சார்?" என்று கேட்டான். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள்.

நான் அந்தப் பெண் குழந்தையிடம், "ஏம்மா, அந்த மான் எதுக்கு அவ்வளவு தூரம் நடக்குது?" என்று கேட்டேன். அது தாளைப் பார்த்து, "கரிபுக் கூட்டங்கள் ஆண்டுதோறும் நெடுந்தொலைவு இடம்பெயரும்" என்று வாசித்தது. "சரிம்மா, எதுக்கு?" மறுபடியும் அதே வரி, முன்னைவிட வேகமாக.

அப்போது அந்த எழுத்துக்கூட்டுகிற பையன் சொன்னான். "அங்கிட்டு மேய்ச்சல் இருக்கும் சார். கிடை மாடு மாதிரி."

கிடை மாடு என்றால் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கும் நம் நண்பர்களுக்கு மறந்திருக்கலாம், சொல்லிவிடுகிறேன். தை அறுப்பு முடிந்து வயல் காலியானதும் நூற்றுக்கணக்கான மாடுகளை ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவார்கள். பகலில் தாளடியில் மேயும். இரவில் ஒருவர் வயலில் கிடை போடும். சாணியும் கோமியமும் அந்த நிலத்துக்கு உரம். நிலத்துக்காரர் அதற்குப் பணமோ நெல்லோ கொடுப்பார். மதுரை, சிவகங்கைப் பக்கத்துப் புலிகுளம் மாடு இப்படிக் கிடையிலே வளர்ந்த இனம்தான். ஜல்லிக்கட்டில் நாம் கைதட்டிப் பார்க்கும் காளைகளில் பல அந்த இனத்தைச் சேர்ந்தவை. இந்தப் பையனின் தாத்தா கிடையோடு போனவர். மேய்ச்சல் தீர்ந்தால் மந்தை நகரும் என்பது அவன் வீட்டுத் திண்ணையிலேயே தெரிந்துகொண்ட விஷயம்.

அவன் அதோடு நிற்கவில்லை. "போற வழியில கன்னு போட்டா என்னா சார் செய்யும்? எங்க தாத்தா தோள்ல தூக்கிட்டு வருவாராம். அங்க யாரு தூக்குவா?" என்றான்.

அன்று அந்தச் சாவடியில் கரிபுப் பாடத்தைப் புரிந்துகொண்ட ஒரே பிள்ளை அவன்தான். தாளில் இல்லாத கேள்வியைக் கேட்டான் பாருங்கள், அதுதான் புரிந்துகொண்டதற்கு அடையாளம். ஆனால் தாளைத் திருத்தினால் அவனுக்குப் பூஜ்யம், அந்தப் பெண்ணுக்கு முழு மதிப்பெண்!

அவன் கேட்டதற்கு உண்மையான பதில் இருக்கிறது. அலாஸ்காவிலும் அதை ஒட்டிய கனடாவின் யூகான் பகுதியிலும் திரியும் ஒரு பெருங்கூட்டத்துக்குப் 'போர்க்குப்பைன்' கூட்டம் என்று பெயர், அங்கே ஓடும் ஆற்றின் பெயரால். 2017 கணக்கெடுப்பில் அதில் சுமார் 2,18,000 மான்கள் இருந்தன. பெரிய கரிபுக் கூட்டங்கள் ஆண்டுக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நடக்கின்றன. மதுரையிலிருந்து சென்னைக்கு நடந்து போய், நடந்தே திரும்பி வருவதைவிட அதிகம். வசந்த காலத்தில் சினை மான்கள் முன்னே போகும். வட கடலோரச் சமவெளியை அடைந்து அங்கே கன்று போடும். உள்நாட்டைவிட அங்கே ஓநாய்த் தொல்லை குறைவு, புதுப் புல்லும் துளிர்க்கும். பிறந்த கன்று சில மணி நேரத்தில் எழுந்து தாயோடு நடக்க ஆரம்பித்துவிடும். ஆகவே யாரும் தோளில் தூக்க வேண்டியதில்லை.

கோடையில் அங்கே கொசு மொய்க்கும், கொசுக்கடி தாங்காமல் மான்கள் காற்றடிக்கும் கடலோரத்துக்கு ஓடும் என்று சொன்னபோது சாவடியே அதிர்ந்தது. "அங்கயுமா சார் கொசு!" என்று பிள்ளைகளுக்கு ஒரே ஆனந்தம். வட துருவம் சட்டென்று பக்கத்து ஊராகிவிட்டது.

இனி அந்த ஐந்து வரிக்குத் திரும்புவோம். அதில் கடினமான சொல் எது என்று கேட்டால் நாம் எல்லோரும் 'கரிபு' என்போம். பயிற்சித்தாளிலும் அந்த ஒரு சொல்லுக்குத்தான் கீழே விளக்கம் போட்டிருந்தார்கள். ஆனால் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் பேசியபோது தெரிந்தது, கரிபு ஒரு தடையே இல்லை. அது ஒரு மானின் பெயர், அவ்வளவுதான். பிள்ளைகள் இடறிய இடங்கள் இரண்டு: ஒன்று 'பனி', இன்னொன்று 'கொம்பு'. இரண்டும் ஒன்றாம் வகுப்பிலேயே எழுதக் கற்ற சொற்கள்!

பனி என்றால் மதுரைப் பிள்ளைக்கு என்ன? மார்கழி மாதம் விடியற்காலையில் புல் நுனியில் இருப்பது பனி. வைகைப் பக்கம் புகை மாதிரி நிற்பது பனி. பாட்டி தலையில் துணி கட்டிக்கொள்ளச் சொல்வது பனிக்காக. அதை எப்படிக் குளம்பால் தோண்டுவது? ஒரு சின்னப் பிள்ளை இதைக் கேட்டே விட்டது. "பனியைத் தோண்ட முடியுமா சார்? அது கையில ஒட்டும், அவ்வளவுதான?" தமிழில் நமக்குப் பனித்துளியும் பனி, மூடுபனியும் பனி, இமயமலையில் கொட்டிக் கிடப்பதும் பனி. தெரிந்த சொல்லாயிற்றே என்று பிள்ளை நிற்காமல் தாண்டிப் போகிறது. தெரியாத சொல் என்றால் நின்று கேட்கும். தெரிந்த மாதிரி இருக்கும் சொல்தான் ஆளைக் கவிழ்க்கும்.

மறுவாரம் அந்தத் தங்கை ஒரு காரியம் செய்தார். மேலூர் மீன் கடையிலிருந்து மீன் பெட்டியில் போடும் நொறுக்கின ஐஸை ஒரு தட்டு வாங்கி வந்தார். தட்டின் அடியில் இரண்டு கைப்பிடி கீரையை வைத்து மேலே ஐஸைக் கொட்டி, "இப்ப இந்தக் கீரையை எடுத்துத் திங்கணும். நீதான் மான். கையைக் குளம்பாக்கித் தோண்டு" என்றார். பத்து விநாடியில் பிள்ளைகள் கை விறைத்துப் போய் உதறினார்கள். 'குளம்பால் பனியைத் தோண்டி' என்ற மூன்று சொல்லும் அன்றைக்குத்தான் அவர்களுக்குப் பொருள் கொடுத்தன. கரிபு என்ற பெயரே கிழக்குக் கனடாவில் வாழும் மிக்மாக் மக்களின் மொழியிலிருந்து வந்தது. பனியைத் தோண்டுவது என்ற பொருளில் வைத்த பெயர். அதைச் சொன்னதும் "காரணப்பெயர்!" என்று ஒரு பிள்ளை கத்தியது. தமிழ் இலக்கணமும் அங்கேயே வந்துவிட்டது.

தோண்டி எதைத் தின்கிறது? லைக்கன் என்று ஒன்று. நம் பக்கத்துக் கற்பாறைகளில் சாம்பலும் பச்சையுமாகத் திட்டுத் திட்டாக ஒட்டியிருக்குமே, அந்த வகையைச் சேர்ந்தது. அங்கே தரையில் பஞ்சுபோலக் கொத்தாக வளரும். அரிட்டாபட்டி மலைப் பக்கம் ஆடு மேய்க்கப் போகும் பிள்ளைகளுக்குப் பாறைத் திட்டைக் காட்டித் தர வேண்டியதே இல்லை.

அடுத்தது கொம்பு. 'ஆணுக்கும் பெண்ணுக்கும் கொம்பு உண்டு' என்ற வரியை எழுதியவர் ஆச்சரியத்தோடு எழுதியிருக்கிறார். ஏனென்றால் மான் குடும்பத்தில் மற்ற இனங்களிலெல்லாம் கொம்பு ஆணுக்குத்தான், பெண்ணுக்கும் முளைப்பது கரிபுக்கு மட்டும்தான். ஆனால் நம் பிள்ளைக்கு இதில் என்ன ஆச்சரியம்? வீட்டுப் பசுவுக்குக் கொம்பு இருக்கிறது. வெள்ளாட்டில் கிடாய்க்கும் பெட்டைக்கும் இருக்கிறது. ஆச்சரியப்பட வேண்டிய இடத்தில் பிள்ளை கொட்டாவி விடுகிறது. குற்றம் பிள்ளையிடம் இல்லை. புள்ளிமானில் பெண்ணுக்குக் கொம்பு கிடையாது என்ற ஒரு தகவல் முன்கூட்டியே தெரிந்திருந்தால்தான் இந்த வரி புதுச் செய்தியாகும்.

'கொம்புகள் விழுந்து மீண்டும் முளைக்கும்' என்ற வரியோ நேரே பொய் மாதிரிப் படுகிறது. "கொம்பு ஒடிஞ்ச மாடு ஒடிஞ்சதுதான சார்? மறுபடி எங்க முளைக்கும்?" என்று கேட்டார்கள். சரியான கேள்வி. மாட்டுக் கொம்பு உள்ளே எலும்பு, மேலே நகம் மாதிரி ஓர் உறை. அது வாழ்நாள் முழுக்க நிற்பது. மான் கொம்போ முழுக்க எலும்பு. வருஷத்துக்கு வருஷம் உதிர்ந்து வளர்வது. நாம் இரண்டையும் கொம்பு என்றே சொல்கிறோம். ஆண் கரிபு குளிர்காலத் தொடக்கத்திலேயே கொம்பை உதிர்த்துவிடும். சினையாயிருக்கும் பெண் கரிபு கன்று போடும் காலம் வரை வைத்திருக்கும். ஏன்? பனியைத் தோண்டிக் கண்டுபிடித்த தீனியை இன்னொரு மான் வந்து பறித்துக்கொள்ளாமல் தடுக்கத்தான் என்று விலங்கியல் அறிஞர்கள் விளக்குகிறார்கள். இதைச் சொல்லும்போது எங்கள் சாவடியில் பெண் பிள்ளைகள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

நண்பர்களே, இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. 1988-ல் அமெரிக்காவில் ரெக்ட், லெஸ்லி என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். 64 பள்ளி மாணவர்கள். சிலர் நன்றாக வாசிப்பவர்கள், சிலர் தட்டுத்தடுமாறி வாசிப்பவர்கள். இரண்டு தரப்பிலும் பேஸ்பால் ஆட்டம் தெரிந்தவர்களும் உண்டு, தெரியாதவர்களும் உண்டு. பேஸ்பால் ஆட்டம் ஒன்றை விவரிக்கும் பகுதியைப் படிக்கக் கொடுத்து, அதைப் பொம்மைகளை வைத்து நடத்திக்காட்டவும் திருப்பிச் சொல்லவும் சொன்னார்கள். தடுமாறி வாசித்தாலும் ஆட்டம் தெரிந்த மாணவர்கள், நன்றாக வாசித்தும் ஆட்டம் தெரியாத மாணவர்களை மிஞ்சிவிட்டார்கள். நம்ம ஊரில் கிரிக்கெட்டை வைத்துப் பாருங்கள். "கடைசிப் பந்து நோ பால் ஆனதால் ஆட்டம் மாறியது" என்ற வரி, கிரிக்கெட் தெரியாத தமிழ்ப் பேராசிரியருக்கு வெறும் எழுத்து. டீக்கடைத் தம்பிக்கு அது ஒரு முழுக் கதை.

அதற்காக எழுத்துக்கூட்டி வாசிக்கக் கற்றுக்கொடுப்பது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது அஸ்திவாரம். எங்கள் பையனும் இன்று தடுமாற்றம் குறைந்து வாசிக்கிறான் என்றால், அந்தத் தங்கை தினமும் அவனை உட்காரவைத்து வாசிக்கச் சொன்னதால்தான். கிராமப்புற இந்தியாவில் 'ஏசர்' ஆய்வுக்காரர்கள் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிப் பார்க்கிறார்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 2018-ல் ஏறக்குறையப் பாதிப் பேர். கொரோனாவுக்குப் பிறகு 2022-ல் அது 42.8 விழுக்காடாக இறங்கியது. 2024-ல் மறுபடி பாதியை நெருங்கியது. நம் மாநிலத்தில் 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' தொடங்கியதும் இந்தக் கவலையால்தான். ஆனால் அந்த ஆய்வில் கணக்கில் வருவது வாசித்தல். கடகடவென்று வாசித்த நம் பெண் குழந்தை அதில் தேர்ச்சி பெற்றுவிடும். அதன் குறை யார் கண்ணிலும் படாது. எழுத்துக்கூட்டுகிற பிள்ளையைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறோம். சரளமாக வாசித்துக்கொண்டே ஒன்றும் புரியாமல் போகிற பிள்ளையைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை, ஏனென்றால் அது முதல் மார்க் வாங்குகிறது.

அந்தப் பிள்ளை வளர்ந்தால் என்ன ஆகும்? இப்போது என் மில்லுக்கு வருகிறேன். எங்கள் ஆலையில் கெப்பாசிட்டர் பேனல் ஒன்று இருக்கிறது. அதில் தமிழிலேயே எழுதி ஒட்டியிருக்கிறோம்: "மின்சாரத்தைத் துண்டித்த பின் 5 நிமிடம் காத்திருந்து, எர்த் செய்த பிறகே தொடவும்." பயிற்சிக்கு வந்த தம்பி ஒருவரிடம் அதை வாசிக்கச் சொன்னேன். அட்சரம் பிசகாமல் வாசித்தார். "ஏன் 5 நிமிஷம்?" என்று கேட்டேன். "ரூல் சார்" என்றார். "லைனைத்தான் ஆஃப் பண்ணியாச்சே, அப்புறம் என்ன பயம்?" என்று கேட்டேன். "ஒண்ணும் இல்ல சார், இருந்தாலும் ரூல்" என்றார்.

"தம்பி, மோட்டாரை நிறுத்தினா மாடித் தொட்டியில தண்ணி காலியாயிடுமா?"

"ஆகாது சார். தொட்டியில நிக்கும்."

"அந்த மாதிரிதான் இதுவும். லைனை அணைச்சாலும் கெப்பாசிட்டருக்குள்ள மின்சாரம் தேங்கி நிக்கும். அது வடியத்தான் 5 நிமிஷம். வடியாம மிச்சம் இருந்தா அதை இறக்கத்தான் எர்த்."

அவர் முகம் மாறிப்போனது. அந்த எழுத்து அதே எழுத்துத்தான், ஆனால் அன்றுவரை அது அவருக்கு 'பிலாடிகள் நுமிக்கும்' என்ற மாதிரி. இனி அவசரத்தில் யாராவது "பரவாயில்ல, தொடு" என்றாலும் அவர் தொடமாட்டார். ரூலுக்காகப் படித்தவன் ஒருநாள் ரூலை மீறுவான். புரிந்து படித்தவன் மீறமாட்டான். படித்ததைப் புரிந்துகொள்வது மார்க் விஷயம் மட்டும் இல்லை, சில இடங்களில் உயிர் விஷயம். மருந்துச் சீட்டு, பூச்சிமருந்து டப்பா, கடன் பத்திரம் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பாருங்கள்.

தூரத்து மிருகம் வேண்டாம், உள்ளூர் மிருகத்தையே வைத்துப் பாடம் நடத்தலாமே என்று சிலர் கேட்டார்கள். அதிலும் ஒரு பொறி இருக்கிறது. கரிபுக்கு அடுத்து நாங்கள் எடுத்தது தேவாங்கு. தேவாங்கு என்ற சொல் தெரியாத பிள்ளை எங்கள் ஊரில் இல்லை. ஒல்லியாக இருந்தால் தேவாங்கு, திருதிருவென்று முழித்தால் தேவாங்கு. தினமும் யாராவது யாரையாவது திட்டுகிறார்கள். ஆனால் அது ஒரு உயிரினம் என்றே பாதிப் பிள்ளைகளுக்குத் தெரியவில்லை! கரிபு, பெயர் தெரியாத விஷயம். அதன் பிழைப்பு நம் பையனுக்குத் தெரிந்தது. தேவாங்கு, பெயர் தெரிந்த விஷயம். அதன் பிழைப்பு யாருக்கும் தெரியவில்லை.

அந்தத் தங்கையும் நானும் சேர்ந்து அரைப் பக்கம் எழுதினோம். தேவாங்கு கால் கிலோ எடைதான் இருக்கும். பகலில் மரப்பொந்திலோ அடர்ந்த கிளையிலோ தூங்கும். இரவில் கருவேல மரங்களிலும் முள்வேலிகளிலும் ஓசையில்லாமல் நகர்ந்து பூச்சிகளைப் பிடித்துத் தின்னும். அதன் கண்ணில் மருந்து இருக்கிறது, மாந்திரீகத்துக்கு ஆகும் என்ற மூடநம்பிக்கையால் மனிதர்கள் அதைப் பிடித்துக் கொன்றார்கள். 2022 அக்டோபரில் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரப்பைக் கடவூர் தேவாங்கு சரணாலயம் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. தேவாங்குக்கென்று இந்தியாவில் அமைந்த முதல் சரணாலயம் அதுதான்.

கேள்விகளை மூன்று விதமாக வைத்தோம். முதல் விதம், வரியில் விடை இருப்பது: தேவாங்கு எப்போது இரை தேடும்? இரண்டாம் விதம், இரண்டு வரியைச் சேர்த்தால்தான் விடை வருவது: விவசாயி தேவாங்கைக் காப்பாற்றினால் அவருக்கு என்ன லாபம்? தாளில் 'விவசாயி' என்ற சொல்லே கிடையாது. பூச்சியையும் பயிரையும் பிள்ளைதான் சேர்க்க வேண்டும். மூன்றாம் விதம், தாளுக்கு வெளியே போவது: உன் ஊரில் வேலி முள்ளை எல்லாம் வெட்டிவிட்டால் தேவாங்குக்கு என்ன ஆகும்? நான்காவதாக ஒரு காலி இடம்: 'நீ ஒரு கேள்வி கேள்.'

அந்தக் காலி இடம்தான் எனக்கு முக்கியம். கடகடவென்று வாசிக்கும் அந்தப் பெண் குழந்தை மற்ற மூன்றையும் எழுதிவிட்டு அந்த இடத்தில் வெகுநேரம் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கடைசியில் எழுதியது: "கண் அவ்வளவு பெரிதாக இருந்தால் பகலில் கூசாதா?" ஐந்து வருஷப் படிப்பில் அது தானாகக் கேட்ட கேள்வியை அன்றுதான் பார்க்கிறேன் என்று அதன் அக்கா சொன்னார். அந்த இராத்திரி வாழ்க்கைக்கு ஏற்ற கண் அது, பகலில் தேவாங்கு ஒதுங்கித் தூங்கும் என்று அந்தக் கேள்வியிலிருந்தே ஒரு முழுப் பாடம் நடந்தது.

இனி சங்கத்துக்கு என் வேண்டுகோள். ஆண்டுதோறும் நாம் பள்ளிகளுக்கு நோட்டுப் புத்தகமும் பையும் கொடுக்கிறோம், நல்ல காரியம். அதை நிறுத்தச் சொல்லவில்லை. மதுரையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது, எல்லோரும் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். ஆனால் இரண்டு பஸ் மாறி வரவேண்டிய கடைமடைக் கிராமத்துப் பிள்ளைக்கு நூலகம் சாவடிக்கு வந்தாக வேண்டும்.

ஆகவே நான் கேட்பது பணம் இல்லை, அரைப் பக்கம். நம்மில் சிலர் கனடாவில் இருக்கிறார்கள், சிலர் வளைகுடாவில், சிலர் சிங்கப்பூரில், சிலர் வாடிப்பட்டியில். ஒவ்வொருவரும் தான் இருக்கும் இடத்தில் உண்மையாகப் பார்த்த ஒரு விலங்கையோ, மரத்தையோ, தொழிலையோ பற்றித் தமிழில் அரைப் பக்கம் எழுதி அனுப்புங்கள். பனி என்றால் எவ்வளவு உயரப் பனி, கையில் எப்படி இருக்கும் என்று எழுதுங்கள். நம் மதுரைப் பக்கத்து விஷயம் ஒன்றை அதற்கு ஜோடியாக இங்கே நாங்கள் எழுதுகிறோம். கரிபுக்குக் கிடை மாடு, பாலைவன ஒட்டகத்துக்குக் கீதாரியின் செம்மறி ஆடு. ஒரு அட்டையில் முன்பக்கம் அது, பின்பக்கம் இது, கீழே மூன்று கேள்வி, ஒரு காலி இடம். 40 அட்டை சேர்ந்தால் ஒரு கல்வியாண்டுக்குப் போதும்.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளே, உங்களிடம் கேட்பது சனிக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம். ஒரு சாவடி, ஒரு அட்டை. விடையைத் திருத்தாதீர்கள், கேள்வியைக் கேளுங்கள். "அங்கிட்டு மேய்ச்சல் இருக்கும் சார்" என்று சொல்ல ஒரு பிள்ளை எங்கோ பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும், அதைத் தேடுங்கள். இதில் உங்களுக்கும் லாபம் உண்டு. பரீட்சைக்கு முந்தின ராத்திரி நோட்ஸ் படிக்கும்போது, புத்தகத்தை மூடிவிட்டு 'நான் ஒரு கேள்வி கேட்கிறேன்' என்று உட்கார்ந்து பாருங்கள். பிலாடிகள் எத்தனை என்று அப்போது தெரியும்.

அட்டைகளை வாங்கிச் சேர்க்கும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன். முதல் இரண்டு அட்டைகள், கரிபும் தேவாங்கும், இன்று வாசலில் மேசையில் வைத்திருக்கிறேன். போகும்போது ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டு போய் வீட்டில் உங்கள் பிள்ளையிடம் வாசிக்கக் கொடுங்கள். கடகடவென்று வாசித்து முடித்ததும், "பனின்னா என்னா?" என்று மட்டும் கேளுங்கள்.